காய்ச்சல் இல்லாத காலை

பிப்ரவரி 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். சமையலறையில் நான். வாசலை ஒட்டிய நாற்காலியில் ஷூ மாட்டிக்கொண்டு உன் அண்ணன். உள் அறையில் போர்வைக்குள் என் மகன் பெரியவன். கூடத்தில், பையைத் தோளில் போட்டுக்கொண்டு, இடது காதைக் கையால் பொத்திக்கொண்டு உன் மகள். ஐந்தாவதாக ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டு டீச்சரும் இருந்தார், அவர் சொல்லியும் நான் கேட்கவில்லை என்று யாரோ உன்னிடம் சொன்னார்களாம். அவர் இல்லை. இருந்திருக்கக் கூடாதா என்று இப்போது நினைக்கிறேன்.

நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். வீட்டுக் கணக்கு எழுதுகிற நோட்டில் கிழித்த தாள், கோடு கோடாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் நான் கற்றது கொஞ்சம். மற்றதெல்லாம் கடைப் பொட்டலத்துக் காகிதத்தை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். உன் மகள் எழுந்ததிலிருந்து பேசவில்லை. உன் அண்ணன்தான், "என்ன, ரேடியோவுக்கு இன்னைக்கு ஸ்டேஷன் கிடைக்கலையா?" என்று கேட்டார். எப்போதும் அப்படிக் கேட்டால் இரண்டு மடங்கு பேசுவாளே, அன்றைக்குச் சிரிக்கக்கூட இல்லை. என்னிடம் வந்து, "அத்தை, காதுக்குள்ள வலிக்குது" என்றாள். நான் தெர்மாமீட்டரை எடுத்து அவள் அக்குளில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காய்ச்சல் இல்லை. "காய்ச்சல் இல்லடி. போயிட்டு வா. சாயங்காலம் டாக்டர்கிட்ட போலாம்" என்றேன். "சரி அத்தை" என்றாள்.

மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. போனேன். ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காதிலிருந்து ரத்தமும் சீழுமாக வந்து காலர் நனைந்திருந்தது. அழவில்லை. என்னைப் பார்த்ததும், "அத்தை, சட்டை கறையாயிடுச்சு" என்றாள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். நீ வந்தாய், யாரோடும் பேசாமல் அவள் துணிகளைப் பையில் போட்டாய், கூட்டிக்கொண்டு போய்விட்டாய்.

ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். போன வருஷம் அவளுக்குச் சளி பிடித்தபோது நான்கு நாள் வீட்டில் வைத்துக்கொண்டேன். அந்த வாரம் பரீட்சை தவறிப்போனது. நீ போன் செய்து என்ன சொன்னாய்? "தும்மினா, இருமினா வீட்ல வெச்சுக்கவா அண்ணி நான் அவளை அங்க விட்டிருக்கேன்? காய்ச்சல் இருந்தா லீவு, இல்லேன்னா ஸ்கூல். என்னைக் கேக்க வேண்டாம். தெர்மாமீட்டரைக் கேளுங்க." அன்றிலிருந்து அப்படியே செய்தேன். உன் சொல்லை நான் மீறவில்லை. அதை மட்டும் நீ நினைத்துப் பார்க்க வேண்டும்.

தினமும் அவளுக்காகச் சாமியிடம் கேட்டுக்கொள்கிறேன். அவளுடைய கலர் பென்சில் டப்பா கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எல்லாவற்றையும் சீவி அனுப்பியிருக்கிறேன்.

அண்ணி


மார்ச் 11

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. பென்சில் டப்பாவும் வந்தது.

யார் யார் எங்கே இருந்தார்கள் என்று படம் வரைந்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் விளங்கியது. ஒன்று மட்டும் விளங்கவில்லை. பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் பெரியவன் ஏன் போர்வைக்குள் இருந்தான்? அவனுக்கு அன்றைக்குக் காய்ச்சல் எவ்வளவு? மற்ற நியாயமெல்லாம் இருக்கட்டும். அதற்குப் பதில் எழுதுங்கள்.

காது ஜவ்வில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று இங்கே உள்ள டாக்டர் சொல்கிறார். தானாக மூடிக்கொள்ளலாம், மூடாமலும் போகலாம், கொஞ்ச மாதம் பார்ப்போம் என்கிறார். இடது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது கேட்காமல் திரும்பவில்லையா, இல்லை என் மேல் இருக்கிற கோபத்திலா என்று சில நேரம் எனக்கே தெரிவதில்லை.

போனில் பேச மாட்டேன். பேசினால் கத்திவிடுவேன். அவள் பக்கத்தில் இருக்கிறாள். ஒரு காதுதான் போயிருக்கிறது, இன்னொன்று நன்றாகக் கேட்கிறது.

பாப்பா


மார்ச் 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியவனுக்குக் காய்ச்சல் இல்லை. இல்லை என்று சொல்வதுகூடச் சரியில்லை. நான் பார்க்கவே இல்லை.

அவனுக்கு மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான். எழுப்பப் போனபோது கழுத்தில் கையை வைத்தேன். சூடு தெரியவில்லை. ஆனாலும் அவன் அவனாக இல்லை என்று கைக்கு ஏதோ தோன்றியது. "படுத்துக்கோடா" என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டேன். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. யோசித்துச் செய்ததும் இல்லை. பிறகு கூடத்துக்கு வந்து உன் மகளுக்குத் தெர்மாமீட்டர் வைத்தேன்.

என் பிள்ளைக்குக் கை வைத்துப் பார்த்தேன். உன் பிள்ளைக்குக் கருவி வைத்துப் பார்த்தேன். உன் கேள்வியைப் படிக்கிறவரை இது என் மனதில் படவே இல்லை என்று சொன்னால் நம்புவாயா?

அவளை நான் வேறாக நினைத்ததில்லை. ஒரு பழம் இருந்தால் இரண்டாக நறுக்கி, எந்தப் பாதி பெரிதோ அதிலிருந்து ஒரு துண்டு எடுத்து மற்றதில் வைப்பேன். பெரியவன்கூட, "அம்மா, தராசு வாங்கி வெச்சுக்கோ" என்று கேலி செய்வான். நாளைக்கு நீ வந்து ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்று அப்படி அளந்தேன். அளந்து அளந்துதான் தப்பு செய்தேன் போலிருக்கிறது. பெற்ற பிள்ளைக்கு யாரும் அப்படி அளந்துகொண்டிருப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் காது வலிக்கிறது என்று சொன்னபோது, உன் குரல்தான் எனக்குள் கேட்டது. "என்னைக் கேக்க வேண்டாம்" என்றாயே, அந்தக் குரல். "அவ அம்மாவே சொல்லிட்டா, நமக்கென்ன" என்று மனசின் ஒரு மூலையில் ஓடியது. சாமி முன்னால் நின்று அதற்கு வேறு ஏதாவது நல்ல பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ரோஷம்தான். பெரியவர்கள் இரண்டு பேருக்கு நடுவில் இருந்த ரோஷத்தைத் தோளில் பையோடு சேர்த்து மாட்டி அவளை அனுப்பிவிட்டேன்.

உன் அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை. ரேடியோ என்று கூப்பிட்டது ஞாபகம் வந்தால் பாதியில் எழுந்து கை கழுவப் போய்விடுகிறார். பெரியவன் அவளுடைய கட்டில் பக்கம் போவதில்லை. அவள் எப்போது வருவாள் என்று ஒரு தடவை கேட்டான். திரும்பக் கேட்கவில்லை.

அண்ணி


ஏப்ரல் 16

அண்ணிக்கு,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உங்கள் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. எரிச்சல் குறையவில்லை. பெரியவன் போர்வைக்குள் படுத்திருந்ததை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. இருந்தாலும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

போன வாரம் காலையில் எழுந்ததும், "அம்மா, வயிறு வலிக்குது" என்றாள். எனக்கு ஹோட்டலில் முதல் ஷிப்ட். லேட்டானால் சலவைப் பிரிவில் வாசலிலேயே நிற்க வைத்துவிடுவார்கள். பஸ் வருகிற நேரம். இந்த ஒற்றை அறையில் அவளை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. உங்கள் கைக்குத் தெரிந்தது என்று எழுதியிருந்தீர்களே, நானும் அவள் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தேன். என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. சூடா, சூடு இல்லையா, நிஜமா, பொய்யா, எதுவும் தெரியவில்லை. அப்போதுதான் உறைத்தது. என் வீட்டுக்காரர் போன பிறகு வேலை வேலை என்று இங்கே வந்துவிட்டேன். எனக்கு அவள் உடம்பு பழக்கமில்லை அண்ணி.

என்ன செய்வது என்று தெரியாமல் வேலைக்கே கூட்டிக்கொண்டு போனேன். உலர்த்தும் மெஷினிலிருந்து அப்போதுதான் எடுத்த படுக்கை விரிப்புகள் தள்ளுவண்டியில் குவிந்திருந்தன. அதற்குப் பின்னால் படுக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் அம்மா பார்த்துவிட்டார். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இது யாரு, புது ஆளா? மடிக்கத் தெரியுமா?" என்றார். இவள் உடனே எழுந்து தலையணை உறை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். மூலைக்கு மூலை சரியாக வைத்து, நீங்கள் மடிக்கிற மாதிரியே மடித்தாள். "உங்கம்மாவைவிடத் தேவலையே, உங்கம்மாவை வீட்ல இருக்கச் சொல்லு" என்று அவர் சொன்னதும் சிரித்தாள். இங்கே வந்த பிறகு அவள் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வயிற்று வலி பொய். புதுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இடது பக்கமாக நின்று மெதுவாகக் கூப்பிட்டுவிட்டு, அவள் திரும்பாததைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். அதற்குப் பயந்து சொன்ன வலி.

பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன். "அப்ப அன்னைக்குக் காது வலின்னு சொன்னியே, அது எப்ப ஆரம்பிச்சது?" என்று. அதற்கு ரெண்டு நாள் முன்னாடியே என்றாள்.

"ஏன்டி, அத்தைகிட்ட உடனே சொல்லலாம்ல?"

"நீதான சொன்ன, அத்தைக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு. சின்னச் சின்ன வலிக்கெல்லாம் போய் நிக்காத, நம்ம வீடு இல்ல அதுன்னு. மூணாவது நாள் தாங்க முடியல. அதான் சொன்னேன்."

நான் சொன்னதுதான். அவளை உங்கள் வீட்டில் விட்ட அன்றைக்கு, வாசலில் குனிந்து பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டே சொன்னேன். நீங்கள் உள்ளே இருந்தீர்கள். உங்களுக்குக் கேட்டிருக்காது. நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும் என்று நினைத்துச் சொன்னேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று நான் எழுதவில்லை. அந்த முதல் இரண்டு நாளும் என்னுடையவை என்று மட்டும் எழுதுகிறேன். காது இன்னும் மூடவில்லை.

பாப்பா


ஏப்ரல் 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

"நம்ம வீடு இல்ல அது" என்று அவளிடம் சொன்னாயா? அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உன் மேல் கோபம் என்று நினைக்காதே. அப்படி அவள் நினைக்காதபடி நான் அல்லவா நடந்துகொண்டிருக்க வேண்டும்.

அவள் உடம்பு உனக்குப் பழக்கமில்லை என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பொய் வலி என்றால் கண்ணை மூடிக்கொள்வாள், ஆனால் இமை ஆடிக்கொண்டே இருக்கும். கேட்காமலே எங்கே வலிக்கிறது என்று காட்டுவாள். காய்ச்சல் வருவதற்கு முன்னால் கால் விரல்களை உள்ளே மடக்கிக்கொள்வாள், செருப்புப் போடச் சொன்னால் பிடிக்காது. தொண்டை கட்டப் போகிறது என்றால் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நிற்பாள். நிஜமாகவே உடம்பு முடியவில்லை என்றால் பேச மாட்டாள். அதுதான் பெரிய அடையாளம். அவள் பேச்சு நின்றால் அதற்கு மேல் ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும் பாப்பா. அன்று காலையிலும் தெரியும். அவள் பேசாமல் இருந்ததை உன் அண்ணன் கவனித்து வாய்விட்டே சொன்னார். நானும் கேட்டேன். கேட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெரியாமல் செய்திருந்தால் மனசு இவ்வளவு அடித்துக்கொள்ளாது.

இங்கே பெரியவன் பாடு பெரும்பாடாகிவிட்டது. ஒரு தும்மல் போட்டால் வீட்டில் இரு என்கிறேன். ஷூவைக் கழற்றியதும், இல்லை, போ என்கிறேன். தெருமுனை வரை போனவனைத் திரும்பக் கூப்பிடுகிறேன். நேற்று படியிலேயே உட்கார்ந்துகொண்டு, "அம்மா, நீ நல்லா முடிவு பண்ணிட்டுச் சொல்லு. போடவா, கழட்டவா? எனக்கு லேஸ் கட்டியே கை வலிக்குது, அதுக்கு ஒரு லீவு குடு" என்றான். உன் அண்ணன் சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு.

பள்ளிக்கூடத்தில் அவளை இடது ஓரமாக உட்கார வைக்கச் சொல். மற்ற பிள்ளைகள் எல்லாம் அவளுக்கு வலது பக்கம் வந்துவிடுவார்கள். யாரும் அந்தப் பக்கமாகப் போய் நிற்க முடியாது.

அண்ணி


ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கு,

சொன்னபடி டீச்சரிடம் கேட்டேன். சுவரை ஒட்டி, இடது ஓரத்தில் இடம் கொடுத்துவிட்டார். இப்போது தொல்லை இல்லை. பக்கத்தில் உட்காருகிற பெண்ணோடு ஓயாமல் பேசுகிறாள் என்று நேற்று புகார் வந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன். இந்தப் புகார் வரட்டும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

ஆனால் காது மூடவில்லை. இனிமேல் தானாக மூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் செய்து ஓட்டையை அடைக்க வேண்டுமாம். ஜூலை இரண்டாவது வாரம் நாள் கொடுத்திருக்கிறார். கேட்கிறது கொஞ்சம் கூடும், ஆனால் பழைய மாதிரி முழுதாக வரும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம் என்றார். அவளை வைத்துக்கொண்டேதான் சொன்னார். நல்ல காது அவர் பக்கம் இருந்தது. எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடிந்து வந்த பிறகு சில வாரம் வீட்டில் இருக்க வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது, ஓடக் கூடாது, காதில் தண்ணீர் படக் கூடாது. எப்போது பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று கேட்டேன். "அது ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மாதிரி. காலையில எழுந்ததும் எப்படி இருக்கான்னு அம்மாவே பாத்து முடிவு பண்ணுங்க" என்றார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். காலையில் அவள் எழுந்திருக்கிற நேரத்தில் இந்த அம்மா பஸ்ஸில் இருப்பாள் என்று அவரிடம் சொல்லவில்லை.

ஆபரேஷன் அன்றைக்கும் மறுநாளும் லீவு தருகிறார்கள். அதற்கு மேல் கேட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். மாடியில் தையல் மெஷின் வைத்திருக்கிற அக்கா அவ்வப்போது எட்டிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். நல்ல மனுஷி. ஆனால் மெஷின் ஓடும்போது அவருக்கு எதுவும் கேட்காது.

நீங்கள் எழுதின அடையாளங்களை எல்லாம் பார்த்துக்கொண்டு வருகிறேன். கால் விரல் மடக்குவதை ஒரு தடவை பார்த்துவிட்டேன். அன்று ராத்திரி காய்ச்சல் வந்தது. மறுநாள் அனுப்பவில்லை.

"அத்தைக்கு ஆபரேஷன் விஷயம் சொல்லியாச்சா?" என்று இவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அதனால் எழுதுகிறேன். வேறொன்றும் இல்லை.

பாப்பா


ஜூன் 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், உன் அண்ணன், பெரியவன். மூன்று பேரும் கூடத்தில்தான் இருந்தோம். நான் சத்தமாகப் படித்தேன். முழுதாக வரும் என்று நம்ப வேண்டாம் என்ற இடத்தில் உன் அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். பெரியவன், "எந்தக் காது?" என்று கேட்டான். எல்லாம் தெரிந்தவன், ஆனாலும் கேட்டான். இடது என்றேன். தன் இடது காதை விரலால் அடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

அவள் காது பழையபடி வர வேண்டும் என்றுதான் நான்கு மாதமாகச் சாமியிடம் கேட்டு வந்தேன். அது கிடைக்காது என்று தெரிந்த பிறகு என்ன கேட்பது என்று விளங்கவில்லை. உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். நீ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வேறொன்றும் இல்லை என்றுதான் முடித்திருக்கிறாய். அதனால் நானே கேட்கிறேன்.

நான் அங்கே வரட்டுமா?

அவளை இங்கே அனுப்பு என்று சொல்லவில்லை. அந்த வார்த்தைக்கு எனக்கு இப்போது வாய் இல்லை. அவள் உன்னிடமே இருக்கட்டும். நான்தான் வருகிறேன். உன் அறை சின்னது என்று தெரியும். கதவோரம் ஒரு பாய் போட்டால் எனக்குப் போதும். நீ ஷிப்டுக்குப் போனதிலிருந்து திரும்பி வருகிறவரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஆடாமல் ஓடாமல் பார்த்துக்கொள்வேன். காலையில் எழுந்ததும் எப்படி இருக்கிறாள் என்று பார்த்து உன் சலவைப் பிரிவுக்குப் போனில் தகவல் சொல்கிறேன். அந்த சூப்பர்வைசர் அம்மா நல்லவர் மாதிரித் தெரிகிறது, சொன்னால் உன் காதில் போடுவார். பள்ளிக்கூடம் அனுப்புவதா வேண்டாமா என்பது உன் வாயிலிருந்து வரட்டும். அதில் நான் தலையிட மாட்டேன். நீ அனுப்பச் சொல்லி, என் கைக்குச் சரியில்லை என்று பட்டால் மட்டும், அனுப்பாமல் வைத்துக்கொண்டு உன்னிடம் திட்டு வாங்கிக்கொள்கிறேன். போன தடவையும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். உன் திட்டுக்குப் பயந்தேன். அது ஆறிப்போகிற திட்டுதானே.

நான் தனியாக அவ்வளவு தூரம் பஸ்ஸில் போனதில்லை. உன் அண்ணன் ஏற்றிவிடுகிறேன் என்கிறார், நீ வந்து இறக்கிக்கொள்ள வேண்டும். சமையலைத் தானே பார்த்துக்கொள்கிறாராம். பெரியவன் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு நிஜமாவே வயித்து வலி வரும், லீவு லெட்டரை இப்பவே எழுதி வெச்சிட்டுப் போ" என்றான். ஆனால் ராத்திரி பக்கத்தில் வந்து நின்று, "போம்மா, நான் ஷூவை நானே போட்டுக்கறேன்" என்றான்.

மன்னிப்பைப் பற்றி இதில் ஒன்றும் கேட்கவில்லை. அது உன்னிடம் இருக்கிறபோது கொடு. இல்லை என்றாலும் வந்து உட்கார்ந்திருப்பேன்.

அவளிடமும் ஒரு வார்த்தை கேள். அத்தை வரட்டுமா என்று. வலது பக்கம் நின்று கேள். அவள் வேண்டாம் என்றால் அதையும் மறைக்காமல் எழுது.

வரலாமா, வேண்டாமா, ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடு.

அண்ணி